ஐ.டி. வேலையா, எம்.பி.ஏ.வா: பேப்பர் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

எம்.பி.ஏ. படிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கல்லூரியில்? “முதலில் வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணிடுறேன், கல்லூரியை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், அவர் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ்.ஸில் 2 லட்சம் சுற்றில் முடிகிற படிப்பும் எம்.பி.ஏ.தான். ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யில் 35 லட்சத்தைத் தாண்டுகிற ஒரு வருடப் படிப்பும் பேச்சு வழக்கில் எம்.பி.ஏ.தான். இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொண்டு “எம்.பி.ஏ. நல்லதா?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கணக்குப் போட ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். வேலூர் பக்கம், காட்பாடி காந்தி நகரில் வீடு. 27 வயது, ஐந்து வருட அனுபவம், சென்னை சிறுசேரியில் ஐ.டி. வேலை. பேக்கேஜ் வருடம் 12 லட்சம், பி.எஃப். எல்லாம் போக மாதம் 85,000 கைக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு வந்து, திங்கள் காலை கிளம்புகிறவர். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சத்துவாச்சாரியிலும் குடியாத்தத்திலும் ராணிப்பேட்டையிலும் இந்த ஆளைத் தெரியாதவர்கள் குறைவு.

இவர் ஏன் விட நினைக்கிறார்? காரணத்தைப் பொறுத்துப் பாதி முடிவு வந்துவிடும். மேனேஜர் பிடிக்கவில்லை என்றால் அதற்கு மருந்து வேறு கம்பெனி. கோட் எழுதிச் சலித்துவிட்டது என்றால், எது பிடிக்கும் என்று தெரிந்தால்தான் படிப்பு உதவும்; சலிப்பு மட்டும் போதாது. ஏ.ஐ. வந்து வேலை போய்விடும் என்ற பயம் என்றால், அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அதில் அதிகம் அடிபடுவது நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். அதாவது எம்.பி.ஏ. முடித்துப் போய் உட்கார நினைக்கிற அதே நாற்காலிகள். பயத்துக்குத் தப்பி ஓடுகிற இடமாக எம்.பி.ஏ.வை நினைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரியான காரணம் என்று எனக்குப் படுவது ஒன்று உண்டு. போக வேண்டிய இடம் தெரிகிறது, அந்த இடத்துக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகத்தில்தான் எடுக்கிறார்கள் என்பது. கன்சல்டிங், முதலீட்டு வங்கி, பெரிய நுகர்பொருள் கம்பெனிகளின் மார்க்கெட்டிங் இதெல்லாம் அப்படி. சிறுசேரியிலிருந்து விண்ணப்பம் போட்டு அங்கே நுழைவது மிகக் கடினம்.

இரண்டு வருட முழுநேரப் படிப்பு

நம் ஆள் ஒரு நடுத்தர ஐ.ஐ.எம்.மில் (மத்திய அரசின் இந்திய மேலாண்மைக் கழகங்களில் ஒன்று) சேர்கிறார் என்று வைப்போம். கட்டணம் ஏறக்குறைய 20 லட்சம். இதைத்தான் எல்லோரும் செலவு என்று சொல்கிறார்கள். ஆனால் இன்னொரு செலவு கண்ணில் படாமல் நிற்கிறது: வேலையில் இருந்திருந்தால் 24 மாதம் வந்திருக்கும் 85,000. அது 20.4 லட்சம். ஆக இந்தப் படிப்பின் விலை 40 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சம்பளத்தில் ஒரு பகுதி சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போயிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் வருடா வருடம் வரும் ஹைக்கையும் நான் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் சரியாகப் போகட்டும்.

இப்போது கடன். 20 லட்சத்தை வருடத்துக்குப் பாதியாக வங்கி கொடுக்கிறது, வட்டி 9 சதவீதம் என்றால், படிப்பு முடியும்போது வட்டி ஏறி அசல் 22.7 லட்சம் அளவுக்கு வந்து நிற்கும். பத்து வருடத்தில் கட்ட, இ.எம்.ஐ. மாதம் சுமார் 28,750. மொத்தமாகக் கட்டுவது 34.5 லட்சம். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை கழிவு உண்டே என்பார்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். இன்றைக்குச் சம்பளக்காரர்களில் பலர் புதிய முறைக்கு மாறிவிட்டதால், அந்தக் கழிவை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

படித்து முடித்ததும் 22 லட்சம் பேக்கேஜ் கிடைக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதில் 3 லட்சம் ‘வேரியபிள்’, அதாவது மாதா மாதம் வராத, நிச்சயமில்லாத பணம்; மிச்சத்தில் வரி, பி.எஃப். போக மாதம் கைக்கு 1,30,000 வரும். வேலையை விடாமல் இருந்திருந்தால் இதற்குள் சம்பளம் கைக்கு ஒரு லட்சத்தை எட்டியிருக்கும். வித்தியாசம் 30,000. இ.எம்.ஐ. 28,750. மாதம் 1,250 ரூபாய்க்காகவா இரண்டு வருடம் என்று கேட்டால், ஆரம்பத்தில் ஆமாம், அவ்வளவுதான். பிறகு வரும் வளர்ச்சி இந்தப் பக்கம் வேகமாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பந்தயம் நிற்கிறது. நம்பிக்கை வீண் என்று சொல்லவில்லை. விட்ட 20 லட்சம் முதலில் திரும்பி வர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா போன்ற பழைய ஐ.ஐ.எம். என்றால் படமே மாறிவிடும். கட்டணம் 25 லட்சம் என்று வைத்தால் இ.எம்.ஐ. 36,000. ஆனால் 30 லட்சம் பேக்கேஜில் கைக்கு 1,80,000 வந்தால், வேலையில் இருந்திருந்தால் வந்திருக்கும் ஒரு லட்சத்தையும் இ.எம்.ஐ.யையும் கழித்தாலும் மாதம் 44,000 மிஞ்சுகிறது. விட்ட சம்பளம் நான்கு வருடத்துக்குள் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். அப்படியே கீழே வந்து, 12 லட்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு 9 லட்சம் வேலை தருகிற கல்லூரியைப் பாருங்கள். ஐந்து வருட அனுபவத்தோடு உள்ளே போய், போகும்போது வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்தில் வெளியே வருவார். பல சமயம் ஆள் எடுக்க வருவதும் ஐ.டி. கம்பெனிதான், வேலையின் பெயர் மட்டும் பிசினஸ் அனலிஸ்ட். விட்டுவிட்டு வந்த வீட்டுக்கே கொல்லைப்புறமாக நுழைகிற கதை.

கல்லூரியை எடை போட எனக்குப் பிடித்த வழி, வங்கியிடம் கேட்பது. கல்விக் கடனுக்கான அரசு உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரைக்கும் பொதுவாக ஈடு கேட்க மாட்டார்கள். அதற்கு மேலே போனால் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு வா என்பார்கள். ஆனால் ஸ்டேட் வங்கி ‘ஸ்காலர் லோன்’ என்று ஒன்று வைத்திருக்கிறது. அதன் பட்டியலில் உயர்ந்த இடத்தில் உள்ள கல்லூரி என்றால், முழுக் கட்டணத்துக்கும் ஈடு இல்லாமல் கடன் கிடைக்கும். படித்தவன் கடனைக் கட்டிவிடுவான் என்று எந்தக் கல்லூரி மேல் வங்கிக்கு நம்பிக்கை இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். வங்கி நம்பாத கல்லூரிக்காக அப்பா தன் வீட்டுப் பத்திரத்தை ஏன் வைக்க வேண்டும்?

கல்லூரியின் விளம்பரத்தில் ‘அதிகபட்சப் பேக்கேஜ்’ பெரிய எழுத்தில் இருக்கும். அது ஒரு ஆளுக்குக் கிடைத்தது. சராசரியும் ஏமாற்றும், மேலே இருக்கும் நாலு பேர் அதை இழுத்துவிடுவார்கள். மீடியனைக் கேளுங்கள், அதாவது சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. தணிக்கை செய்த பிளேஸ்மென்ட் அறிக்கை இருக்கிறதா, மொத்தம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

குறைந்த கட்டணக் கதவுகள் சிலவும் உண்டு, நம் பக்கத்தில் அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவு. எஃப்.எம்.எஸ். சொன்னேன்; ஐ.ஐ.எம்.களுக்கு எழுதுகிற அதே கேட் (CAT) நுழைவுத் தேர்வு மூலம்தான் சேர்க்கை, போட்டி கடுமை. சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறையும் கேட் மதிப்பெண்ணில்தான் எம்.பி.ஏ.வுக்கு எடுக்கிறது, கட்டணம் ஐ.ஐ.எம்.களைவிடக் குறைவு. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், ஐ.ஐ.எம். கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அங்கே 22 லட்சம் பேக்கேஜ் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கடன் இல்லாமல் வெளியே வரும் ஒருவரால் 12 லட்சம் வேலையை நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியும். 34 லட்சம் கட்ட வேண்டியவரால் முடியாது.

இன்னொன்று, ரொம்பப் பேர் கோட்டை விடுவது. கேட் விண்ணப்பத்தில் நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அப்படியே செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில், ‘கிரீமி லேயர் அல்ல’ (வசதி படைத்த பிரிவில் வரவில்லை) என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். “நான்தான் 12 லட்சம் சம்பாதிக்கிறேனே, எனக்கு எப்படிக் கிடைக்கும்?” என்று பலர் கேட்கவே போவதில்லை. கிரீமி லேயர் பார்ப்பது பெற்றோரின் நிலையையும் வருமானத்தையும் வைத்து. உங்கள் சம்பளம் அதில் வராது. 27 சதவீத ஒதுக்கீடு என்பது எந்த ஐ.ஐ.எம். என்பதையே மாற்றிவிடக்கூடிய விஷயம். இ-சேவை மையத்துக்கு ஆகஸ்டிலேயே போய்விடுங்கள்.

ஒரு வருடப் படிப்பு

ஐ.எஸ்.பி., அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.எக்ஸ்., மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் கிரேட் லேக்ஸ் போன்றவை அனுபவசாலிகளுக்கு ஒரு வருடப் படிப்பு நடத்துகின்றன. ஐ.எஸ்.பி.க்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும், பி.ஜி.பி.எக்ஸ்.ஸுக்கு நான்கு. கட்டணத்தைப் பார்த்ததும் மூச்சு நிற்கும். ஆனால் கூட்டிப் பாருங்கள்: 36 லட்சம் கட்டணம், ஒரு வருடம் விட்ட சம்பளம் 10.2 லட்சம், மொத்தம் 46.2. பழைய ஐ.ஐ.எம்.மின் இரண்டு வருடக் கணக்கு 25-உம் 20.4-உம் சேர்த்து 45.4. கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு வருடம் மிச்சம்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பின் நடுவில் கோடைப் பயிற்சி உண்டு. ஐ.டி.யிலிருந்து முற்றிலும் வேறு துறைக்குப் போக நினைப்பவருக்கு அந்த இரண்டு மாதம்தான் பாலம். அங்கே நன்றாகச் செய்தால் வேலையும் அங்கேயே கிடைத்துவிடும். ஒரு வருடத்தில் அது இல்லை. அதனால் இருக்கிற அனுபவத்தின் மேலேயே அடுத்த படி ஏற நினைப்பவருக்கு, உதாரணமாக டெவலப்பராக இருந்து பிராடக்ட் மேனேஜர் ஆக நினைப்பவருக்கு, ஒரு வருடம் போதும். மார்க்கெட்டிங்கோ வங்கியோ வேண்டும் என்றால் இரண்டு வருடம்.

வெளிநாட்டு எம்.பி.ஏ. பற்றி ஒரு வரி: அமெரிக்காவில் நல்ல கல்லூரி என்றால் செலவு ஒரு கோடியைத் தாண்டும், 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி (வேலை விசா) மனுக்கள் பலவற்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்ததுபோல விசா விதியும் திடீரென்று மாறலாம்; கடன் வாங்கிப் போகும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வேலையை விடாமல் படிப்பது

காட்பாடியில் இருப்பதில் உள்ள லாபம் இங்கேதான். சென்னை 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். பெங்களூரு மூன்றரை, நான்கு மணி நேரம். 2022 நவம்பரில் வந்த சென்னை – மைசூரு வந்தே பாரத்தும் காட்பாடியில் நிற்கிறது. திருச்சி ஐ.ஐ.எம். தன் சென்னை வளாகத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு வாரக் கடைசி வகுப்பு நடத்துகிறது. பெங்களூரு ஐ.ஐ.எம்.மிலும் அப்படி ஒன்று உண்டு. சென்னை லயோலாவின் லிபாவிலும் பகுதிநேரப் படிப்பு இருக்கிறது. சம்பளம் நிற்காது என்பதால் மேலே போட்ட கணக்கில் பாதிச் செலவு காணாமல் போய்விடும்.

இதன் குறையை யாரும் வெளியே சொல்வதில்லை. முழுநேர மாணவர்களுக்குக் கிடைக்கிற பிளேஸ்மென்ட் இதில் பெரும்பாலும் கிடைக்காது. படிப்பு முடிந்ததும் நீங்களே வேலை தேட வேண்டும், அல்லது இருக்கிற கம்பெனியிலேயே மேலே போக வேண்டும். அதனால் சேருவதற்கு முன் உங்கள் கம்பெனியின் எச்.ஆர்.ரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: இந்தப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு உண்டா, பாதிக் கட்டணமாவது தருவீர்களா? வாரத்தில் ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் வகுப்பு என்று இரண்டு வருடம் ஓடுவது உடம்புக்கும் குடும்பத்துக்கும் லேசு இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் வீட்டில் இருப்பவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இக்னோ போன்ற தொலைதூர எம்.பி.ஏ. பதவி உயர்வுக்குப் பட்டம் என்று ஒன்று கேட்கிற அலுவலகத்துக்குப் போதும். வேலை மாற்றத்துக்கு அதை நம்ப முடியாது.

ஊரிலேயே படித்தால்?

வி.ஐ.டி.யில் பிசினஸ் ஸ்கூல் இருக்கிறது. மாவட்டத்தில் எம்.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் வேறும் உண்டு. வீட்டுச் சாப்பாடு, ஹாஸ்டல் செலவு இல்லை என்று மனசு இழுக்கும். எந்தக் கல்லூரியானாலும் சேருவதற்கு முன் கேட்க வேண்டியது: வகுப்பில் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் நேராகப் பட்டப்படிப்பு முடித்து வந்த 21 வயதுக்காரர்கள் என்றால், ஆள் எடுக்க வருகிற கம்பெனியும் அவர்களுக்கான சம்பளத்தோடுதான் வரும். உங்கள் ஐந்து வருடத்தை யாரும் எண்ண மாட்டார்கள். படிப்பு மோசம் என்பது என் வாதம் இல்லை. அது உங்களுக்கான படிப்பு இல்லை, அவ்வளவுதான்.

ஊரில் தொழில் இருக்கிற குடும்பத்துக்கு மட்டும் இந்தப் பதில் மாறும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழில். ராணிப்பேட்டை சிப்காட்டில் சின்னச் சின்ன உதிரிபாகக் கம்பெனிகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஷூ ஏற்றுமதி செய்பவர்கள் வீட்டில் நடந்த பேச்செல்லாம் எம்.பி.ஏ. வகுப்புப் பாடம்தான்: விலையைக் குறைப்பதா, ஐரோப்பாவில் வாங்குபவரைப் பிடிப்பதா, ஆர்டரை விடுவதா? அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஐ.டி.யை விட்டுவிட்டு வந்தால், பிளேஸ்மென்ட் அறிக்கை எதற்கு? கணக்கியலும் ஏற்றுமதி நடைமுறையும் நிதியும் ஒழுங்காகச் சொல்லித்தரும் கல்லூரி, வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில் போதும். படிக்கிறபோதே மாலையில் கடைக்கணக்கையும் பார்க்கலாம்.

எதுவும் படிக்காமல் இடம் மாறுவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, எனக்கோ நிறையப் பேருக்குப் பொருந்துவது இதுதான் என்று தோன்றுகிறது. கம்பெனிக்குள்ளேயே பிசினஸ் அனலிஸ்ட், பிராடக்ட் ஓனர், பிரீசேல்ஸ் என்று வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலைகள் இருக்கின்றன. உள்ளே இருந்து மாறுவதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ஆறு மாதம் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், எம்.பி.ஏ. முடித்துப் போய்ச் செய்யப்போகும் வேலை தனக்குப் பிடிக்குமா என்பதும் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் 40 லட்சம் மிச்சம். பிடித்துவிட்டால், அதே அனுபவம் ஐ.ஐ.எம். நேர்முகத்தில் “ஏன் எம்.பி.ஏ.?” என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்யாத பதிலாக வந்து நிற்கும்.

வீட்டுப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். “கை நெறய சம்பளம் வருது, இப்போ போய் எதுக்குப்பா மறுபடியும் படிப்பு?” என்று நைனா கேட்பார். அத்தை வந்தால் “மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டா படிக்கிறார்னு சொல்றதா?” என்பார். இவற்றுக்குப் பதில் சொல்லிவிடலாம். பதில் சொல்ல முடியாதது தங்கை கல்யாணம். படிக்கிற இரண்டு வருடத்தில் அது வந்தால் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதி வைக்காமல் பேப்பர் போடக் கூடாது. பெண்களுக்கு வேறு சிக்கல்: “கல்யாணம் ஆனப்புறம் அவங்க வீட்ல படிச்சுக்கோ” என்பார்கள். அந்த வாக்கை நம்பி சீட்டை விட வேண்டாம் என்பது என் கட்சி. கல்லூரி கையில் வந்துவிட்டால் முதலில் சேருங்கள், வரன் காத்திருக்கட்டும்.

நம் காந்தி நகர்க்காரருக்கு நான் சொல்வது இது. வேலையில் இருந்துகொண்டே கேட் எழுதுங்கள். பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறில் நடக்கும் தேர்வு, இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம். கணக்கும் தர்க்கமும் இன்ஜினியருக்கு வந்துவிடும், ஆங்கில வாசிப்புப் பகுதிதான் காலை வாரும். ரயிலில் ரீல்ஸ் பார்க்கிற நேரம் அதற்குப் போகட்டும். படிக்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவது வேண்டவே வேண்டாம்: சம்பளமும் போகும், நேர்முகத்தில் இடைவெளிக்கு விளக்கமும் சொல்ல வேண்டும். பழைய ஐ.ஐ.எம்., எஃப்.எம்.எஸ்., சென்னை ஐ.ஐ.டி. இவற்றில் ஒன்று கிடைத்தால் போய்விடுங்கள். நடுத்தர ஐ.ஐ.எம். கிடைத்தால், தங்கை கல்யாணம் முடிந்திருந்தால் மட்டும். அதற்குக் கீழே என்றால் உள்ளேயே இடம் மாறி, இரண்டு வருடம் கழித்து ஒரு வருடப் படிப்புக்கோ வாரக் கடைசிப் படிப்புக்கோ முயலுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். சேர்க்கை முடிவு ஏப்ரல், மே வாக்கில் வரும், வகுப்பு ஜூனில் தொடங்கிவிடும். உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் இரண்டும் இடிக்கும். மீதி நாளுக்குப் பணம் கட்டி விடுபடலாமா, மேனேஜர் சம்மதம் வேண்டுமா என்பதை வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஜனவரியிலேயே படித்துவிடுங்கள். மூன்று மாதச் சம்பளம் அளவுக்குப் பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். ரிலீவிங் லெட்டரைக் கல்லூரி கேட்கும்.